அறுபத்திரண்டு காட்டிய டயர்

"அது வேணாம் மாமா. வெயில்ல காஞ்சது."

"காஞ்சதா? இன்னாமா, டயரா கருவாடா?"

கரையான்சாவடி டயர்க்கடை அப்பாவு தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். வாசல் கொக்கியில் தொங்கிய டயரை அப்போதுதான் இறக்கி, துணியால் ஒரு தட்டுத் தட்டி, மதுரைவீரன் கையில் கொடுத்திருந்தார். வீரன் அதை வாங்கிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பாதி நம்பிக்கை இருந்தது. மீதிப் பாதி, சீக்கிரம் முடியேன் என்கிற கெஞ்சல்.

கஸ்தூரி சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தாள். உள்ளங்கை அளவுக் கடிகாரம் போல் இருந்தது. ஒரே ஒரு முள். அடியில் மொட்டை ஊசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் அவளுக்குச் சோதனை மேஜையில் வேலை. நாள் முழுக்க அந்த ஊசியை ரப்பரில் அழுத்தி, முள் காட்டுகிற எண்ணை நோட்டில் எழுதுவாள். எண் ஏறினால் ரப்பர் கெட்டி, இறங்கினால் மெத்து. சூப்பர்வைசரிடம் கேட்டுக் கையெழுத்துப் போட்டு, ஒரு ராத்திரிக்கு மட்டும் வாங்கி வந்திருந்தாள்.

டயரின் வலது ஓரத்தில் ஊசியை அழுத்தினாள். முள் எழுபதில் நின்றது. திருப்பிப் போட்டு இடது ஓரத்தில் அழுத்தினாள். அறுபத்தைந்து.

"ஒரே டயருதான். தெருவ பாத்துகினு தொங்குன பக்கம் ஒண்ணு காட்டுது, சொவர பாத்துகினு தொங்குன பக்கம் ஒண்ணு காட்டுது. எடது வளைவுல புடிக்கும், வலது வளைவுல வுட்டுடும். வலது வளைவே இல்லாத ரோடு உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க, வாங்கிக்கிறோம்."

அப்பாவு சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"ரேசுக்குப் போறது நீயா, உன் பொண்டாட்டியா?" என்றார் வீரனிடம்.

"ஓட்றது நானு, அண்ணாத்தே. வுழாம ஓட வெக்கிறது அவ. பரண் மேல பேப்பர் சுத்தி வெச்சிகீறியே, அத எறக்கு."

வீரனுக்கு இது விளையாட்டில்லை. போன வருடம் இதே ஐப்பசியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாகப் போட்டிருந்த பந்தயத் தடத்தில், முதல் வளைவிலேயே தூறலில் சறுக்கி விழுந்தான். தோள் எலும்பில் விரிசல் விழுந்து ஆறு வாரம் கட்டோடு கிடந்தான். கட்டுப் பிரித்த அன்று அவன் அம்மா முனியம்மா தன் தலையில் அவன் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை விழுந்தால் அந்தச் சிவப்பு வண்டியை விற்றுவிடுவேன், பந்தயப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கின பிறகுதான் கையை விட்டாள்.

அவன் விற்றுவிடுவான். கஸ்தூரிக்கு அது நன்றாகத் தெரியும். அம்மா தலையில் வைத்த கையை அவன் பொய்யாக்க மாட்டான். ஆனால் வாரத்தில் ஆறு நாள் லேத்து முன்னால் தலை குனிந்து நிற்கிற அதே ஆள், வண்டியைச் சாய்த்து வளைவில் நுழைகிறபோது வேறொருவனாகிவிடுவதையும் அவள் பார்த்திருந்தாள். யாருக்கும் கடன்படாத முகம் அது. கல்யாணமான புதிதில் அந்த முகத்தைத்தான் முதலில் அவளுக்குப் பிடித்தது. அது வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தோடு முடிந்துவிடக் கூடாது.

பந்தயத்தில் ஒரே ஒரு நிபந்தனை. தெருவில் ஓடுகிற வண்டி, கடையில் விற்கிற டயர். அதற்குள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

பரணிலிருந்து மூன்று வகை இறங்கின. முதலாவது பால்காரர்களும் தபால்காரர்களும் கேட்டு வாங்குகிற வகை, வருடக்கணக்கில் உழைக்கும். முள் அறுபத்தெட்டு காட்டியது. இரண்டாவது ஏறக்குறைய மொழுக்கென்று இருந்தது, பெயருக்கு நாலு கோடு. ஐம்பத்தாறு.

"இதான் தங்கச்சி," என்றான் கூட வந்திருந்த ஜெயராமன். குமணன்சாவடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறவன், வீரனின் கூட்டாளி. பந்தயத்தில் அந்த வண்டியின் இன்ஜினுக்கு அவன்தான் பொறுப்பு. "கோந்து மாதிரி ஒட்டும். போன வாட்டி முன்னால வந்த மூணு பேரும் இதான் போட்டிருந்தானுங்க."

"காஞ்ச ரோட்ல ஒட்டும்ணா. மய வந்தா தண்ணி எங்க போவும்? ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல நின்னுகினு, எறங்கு எறங்குன்னு வண்டிய தூக்கும்."

"வரலன்னா?"

"ஐப்பசியிலயா?"

ஜெயராமன் வானத்தைப் பார்த்தான். பூந்தமல்லிக்கு மேல் அது சாம்பல் பூசிக் கிடந்தது.

மூன்றாவது டயரில் நடுவிலிருந்து ஓரத்துக்கு மீன்முள் போலச் சாய்ந்த கோடுகள் இருந்தன. ஆழமானவை, ஆனால் நெருக்கமாக இல்லை. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் தரையைப் பிடிக்க அகலமான ரப்பர் இருந்தது. கஸ்தூரி ஐந்து இடத்தில் ஊசியை வைத்துப் பார்த்தாள். ஐந்து இடத்திலும் அறுபத்திரண்டு. நகத்தால் அழுத்தினாள், குழி விழுந்து, மெதுவாக, யோசித்துக்கொண்டே எழுந்துவந்தது.

"இது. முன்னுக்கும் பின்னுக்கும் இதே," என்றாள்.

அப்பாவு காகிதத்தை மடித்தபடி முணுமுணுத்தார். "முப்பது வருசமா கட வெச்சிகீறேன். டயருக்கு நாடி பாத்து இன்னிக்கிதான் பாக்குறேன்."

புது டயரின் மேல், வார்க்கிற அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய வழவழப்பு இருக்கும். அது தேய்ந்து போகிறவரை வளைவில் வண்டியை முழுசாகச் சாய்க்கக் கூடாது என்று கஸ்தூரி சொல்லியிருந்தாள். வீரன் நான்கு நாள் ஷிப்ட் முடிந்து ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை போய்த் திரும்பினான். வியாழன் மாலை அவள் டயரைத் தடவிப் பார்த்தாள். ஓரங்களில் பளபளப்புப் போய், கரும்பலகை போல மங்கலாக, சொரசொரவென்று இருந்தது. கையில் ஒட்டிக்கொள்வது போலிருந்தது. அன்று அவள் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டாள். யாரும் குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கம்பெனியில் பூஜை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு அவள் கோவில்பதாகை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் வண்டி நின்றது. மாலை, சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் வாழைக்கன்று. தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது டயர்தான். கண்ணாடிபோல மின்னியது, குனிந்தால் முகம் தெரியும்.

ஜெயராமன் கறுத்த கைகளோடு பக்கத்தில் நின்றான். "காத்தாலேந்து தேய்ச்சிகினு கீறேன் தங்கச்சி. வெளக்கெண்ணெயில கரிய கொழச்சி என் கையால போட்டது. ரேசுக்குப் போற வண்டிக்கு அரகொறையா போடலாமா? ஒரு இண்டு எடுக்கு வுடல."

கஸ்தூரி அருகே போவதற்குள் வீரன் வண்டியில் ஏறிவிட்டான். முனியம்மா சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கற்பூரம் காட்டியாயிற்று. அவன் உதைத்தான், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"மாமா, நில்லு..."

பழம் நசுங்கியது. ஈரச் சிமெண்டில் பின் சக்கரம் சுற்றியது, வண்டி போகவில்லை. பிறகு பின்பக்கம் மொத்தமாக இடது பக்கம் ஓடியது. வீரன் காலை ஊன்றினான், கால் வழுக்கியது. வண்டி சாய்ந்த கணத்தில் ஜெயராமன் ஹேண்டிலையும் கஸ்தூரி பின் கேரியரையும் பிடித்துக்கொண்டார்கள். பொரி தெருவெல்லாம் சிதறியது.

எல்லாரும் முனியம்மாவைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கிரிக்கெட் அம்பயர் போல, மகனின் முழங்காலைக் குனிந்து பார்த்தாள்.

"முட்டி தரையில படல," என்றாள் கடைசியில். "இது சேத்தியில்ல."

வீரன் மூச்சு விட்டான். ஜெயராமன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. தரையைத் தொடுகிற இடத்துக்கும் சேர்த்து எண்ணெய் பூசியிருந்தான். சும்மா தடவவுமில்லை, அரை நாள் பக்தியோடு தேய்த்து ஊறவைத்திருந்தான்.

"தரையில படாத சைடுக்கு மட்டும் போட்டிருக்கலாம்ணா," என்றாள் கஸ்தூரி.

"சாமிக்கு முன்னாடி நிக்கிற வண்டிமா. பாதி மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போடுவாங்களா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. பெட்ரோல் போட்டுத் துடைக்கலாமா என்று வீரன் கேட்டான். ரப்பர் ஊறிப்போகும் என்றாள். மண்ணெண்ணெய்? அதுவும்தான். சோப்புப் பவுடரில் ஒரு முறை கழுவினார்கள். தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியது, எண்ணெய் போகவில்லை. கஸ்தூரி டயரை வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு திடீரென்று எழுந்து உள்ளே போய், முனியம்மாவின் சீயக்காய் டப்பாவை எடுத்துவந்தாள்.

"இன்னாடி பண்ற," என்றாள் முனியம்மா.

"எண்ண தேச்சாச்சி இல்ல அத்தே. தல முழுவ வேணாமா?"

முதலில் சிரித்தது ஜெயராமன்தான். வெந்நீர் வந்தது. இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பலகைமேல் சாய்த்தார்கள். கஸ்தூரி சீயக்காயைக் குழைத்து, தேங்காய் நாரால் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் விட்டுத் தேய்த்தாள். ஒரு சக்கரத்தை அவள், இன்னொன்றை ஜெயராமன். மூன்று முறை தேய்த்து மூன்று முறை கழுவிய பிறகு தண்ணீர் உருளாமல் பரவியது. காய்ந்ததும், கம்பெனியில் சாம்பிள் துண்டுகளுக்குச் செய்வதுபோல, உப்புத்தாளால் மேல்தோலை லேசாக எடுத்தாள். விரல் முட்டிகள் இரண்டு இடத்தில் உரிந்திருந்தன. நகத்தால் அழுத்தினாள். குழி விழுந்து, யோசித்துக்கொண்டே எழுந்தது.

சனிக்கிழமை வீரன் ஈரச் சாலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ஒரே வார்த்தை சொன்னான். "புடிக்குது."

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு வண்டிகள் நின்றன. வீரனுக்குப் பதினான்காம் எண். கஸ்தூரியும் முனியம்மாவும் கம்பி வேலியோரம் நின்றார்கள். முனியம்மா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். விடிந்ததும் புளிசாதம் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பி நின்றதும் அவள்தான்.

எட்டுச் சுற்று. முதல் இரண்டு சுற்று வெயில். மொழுக்கு டயர்காரர்கள் மூன்று பேர் முன்னால் பறந்தார்கள், வீரன் ஏழாவது. "அப்பவே சொன்னேன்," என்று ஜெயராமன் வாய் திறப்பதற்குள் மூன்றாவது சுற்றில் மழை இறங்கியது. முதல் வளைவில், முன்னால் போன மஞ்சள் ஹெல்மெட்காரன் வண்டியை விட்டுத் தனியாகச் சறுக்கிப் புல்லில் போய் உட்கார்ந்தான். அடுத்தவன் அவனைப் பார்த்துப் பிரேக்கைத் தொட்டான். அவனும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். கெட்டி டயர்காரர்கள் தடத்தைக் கெஞ்சிக்கொண்டு ஊர்ந்தார்கள்.

பதினான்காம் எண் அதே வளைவுக்கு வந்தது. முனியம்மா கண்ணை மூடிக்கொண்டு கஸ்தூரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். கஸ்தூரி மூடவில்லை. வண்டி சாய்ந்தது. டயரின் ஒவ்வொரு சாய்ந்த கோட்டின் வழியாகவும் தண்ணீர் பிதுங்கி வெளியே ஓடுவதை அவ்வளவு தூரத்திலிருந்து யாராலும் பார்க்க முடியாது. ஆனால் அவள் பார்த்தாள்; தான் நாரை விட்டுத் தேய்த்த கோடுகள் அவை, எது எங்கே திரும்புகிறது என்று விரலுக்குத் தெரியும். பின் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது, பிடித்தது. வண்டி வளைவை விட்டு நிமிர்ந்து வெளியே வந்தது.

"போச்சா?" என்றாள் முனியம்மா, கண்ணைத் திறக்காமல்.

"போயிட்டாரு அத்தே. அடுத்த வளைவுக்கு."

ஆறாவது சுற்றில் மழை நின்றது. தடத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு காய்ந்த பட்டை விழுந்தது. காய்ந்ததிலிருந்து ஈரத்துக்கும், ஈரத்திலிருந்து காய்ந்ததுக்கும் வண்டிகள் தாவின. வீரன் இரண்டிலும் ஒரே மாதிரி ஓட்டினான். கடைசி மூன்று சுற்றும் முனியம்மா கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். எட்டாவது சுற்று முடிவில் கறுப்பு வெள்ளைக் கொடி அசைந்தபோது அவன் நான்காவதாக வந்தான். பதினெட்டில் முடித்தவர்கள் பதினொரு பேர்.

கோப்பை மூன்று பேருக்குத்தான். ஆனால் வீரன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அந்த முகம் அங்கே இருந்தது, மழையில் நனைந்து, யாருக்கும் கடன்படாமல். கூட்டாளிகள் சூழ்ந்து முதுகில் தட்டினார்கள். அவன் நாலு பேரை விலக்கிக்கொண்டு, கையை நீட்டிக் கஸ்தூரியைக் காட்டினான்.

"டயரு அவ பாத்தது," என்றான், மைதானத்துக்கே கேட்கிற மாதிரி. ஜெயராமனும், "அலசினதும் அவதான். சீயக்காயில," என்று சேர்த்துச் சொன்னான். நாலைந்து பேர் குனிந்து பின் டயரைப் பார்த்தார்கள். கஸ்தூரி உரிந்த விரல் முட்டிகளை முந்தானையில் மறைக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு முனியம்மா வண்டியருகே வந்தாள். எங்கே பார்க்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல், டயரின் ஒரு கோட்டுக்குள் சுண்டுவிரலை விட்டாள். அது இன்னும் சூடாக இருந்தது. வீரன் கொஞ்சம் தள்ளி, கையில் ஹெல்மெட்டோடு நின்றான்.

கஸ்தூரி அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அத்தே, போன வருசம் உன் தல மேல அவரு வெச்ச கைய, நீயே எடுத்து வுட்டுடு."