நாலு மூலை மஞ்சள்

கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவது வீட்டுப் பெண்கள் வேலை. ஆனால் திருநெல்வேலி டவுனில் அம்மையப்பனின் அச்சகத்துக்கு வருகிறவர்கள் மட்டும், "கருத்தையா கையாலயே தடவிக் குடுத்திருங்க அண்ணாச்சி" என்பார்கள். அவன் தடவினால் நாலு மூலையிலும் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். எழுத்தின் மேல் ஒரு துளி ஏறாது.

கருத்தையாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொன்னார். ஊர் அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னது. அவன் தாயார் வடிவம்மாள் வந்து கெஞ்சியபோது அம்மையப்பன் இரக்கப்பட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். போகப்போக இரக்கத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. மற்ற ஆட்கள் டீ குடிக்கப் போனால் போன இடம்தான். இவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். வேலைக்கு வந்த பிறகு பேச்சும் கொஞ்சம் திருந்தியது. சம்பள நாளில் அம்மைக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் தெருவில் நடந்தான்.

ஒன்றே ஒன்று. சாயங்காலம் வடிவம்மாள் வாசலில் வந்து நின்று, "ஏலே கருத்தையா, கையக் கழுவு, போவோம்" என்றால்தான் எழுந்திருப்பான். அச்சகமே தீப்பிடித்தாலும் அதற்கு முன் எழமாட்டான் என்று கேலி செய்வார்கள்.

தொண்ணூற்று நாலு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு வடிவம்மாள் போய்ச் சேர்ந்தாள். மெட்ராசிலிருந்து மூத்த மகன் கணேஷ்ராம் வந்தான். பதினாறாம் நாள் பத்திரிகையை அம்மையப்பனிடமே அடிக்கக் கொடுத்தான். வேலைக்குத் திரும்பிய கருத்தையா, சாயங்காலம் கூப்பிட அம்மை வராததால் ராத்திரியும் அச்சகத்திலேயே படுத்துக்கொண்டான்.

கறுப்புக் கரை போட்ட பத்திரிகை என்றால் மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். அது கருத்தையாவுக்குத் தெரியும், ஒருநாளும் தவறியதில்லை. அன்றைக்கு, அம்மையின் படம் போட்ட அத்தனை பத்திரிகைக்கும் கறுப்புக் கரையின் மேலேயே மஞ்சள் தடவி அடுக்கியிருந்தான்.

"என்னலே செஞ்சு வச்சிருக்கே?"

"அம்மைக்குக் கறுப்பு வேண்டாம் அண்ணாச்சி."

பத்திரிகை வாங்க வந்து நின்ற கணேஷ்ராமுக்கு முகம் சுண்டிவிட்டது.

"தாய் செத்ததுகூட வெளங்கல பாத்தியளா? இவனப் போயி வேலைக்கு அனுப்பிருக்கா எங்கம்மா. நான் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனி உழைக்க வேண்டாம், வீட்டுல சும்மா இருக்கட்டும்."

"வெளங்காமலா தடவுனான்? என் வீட்டுல இருக்கட்டும் தம்பி, நான் பாத்துக்கிடுதேன். வேலைய எடுத்துட்டா அவன்கிட்ட வேற என்ன இருக்கு?"

"கூடப்பொறந்தவன் இருக்கையில அடுத்த வீட்டுல விட்டா, ஊரு என்னையக் காறித் துப்பாதா?"

பத்திரிகையில் பேர் போடுவதற்கு அம்மையப்பனுக்கு ஒரு உறவுமுறைகூட இல்லை. மஞ்சள் இல்லாமல் வேறு அடித்துக் கொடுத்தார்.

பதினாறு முடிந்த மறுநாள் கணேஷ்ராம் ஆட்டோவோடு வந்தான். கருத்தையா வழக்கம்போல வேலையில் இருந்தான். அண்ணன் கூப்பிட்டான், கையைப் பிடித்து இழுத்தான், கெஞ்சினான். கருத்தையா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரயிலுக்கு நேரமாச்சு. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

சொல்லாமல் இருந்துவிட்டால் ரயில் போய்விடும். அம்மையப்பனுக்கு அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் நாளைக்கும் ரயில் உண்டே. பைய எழுந்து போய், வடிவம்மாள் நிற்கும் இடத்தில் நின்றார்.

"ஏலே கருத்தையா, கையக் கழுவு, போவோம்."

கருத்தையா உடனே எழுந்தான். கிண்ணத்தை மூடினான். விரல் விரலாகக் கழுவிவிட்டு, சிரித்தபடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோவில் ஏறி, அவருக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அவர் ஏறவில்லை. ஆட்டோ கிளம்பியபோதுதான் அவனுக்கு அது புரிந்தது.

"போவோம்னு சொன்னியளே, அண்ணாச்சி" என்றான்.