பிஷப்புக்கு மனைவி உண்டா?

1

இந்தக் கதை நான் தப்பித்து ஓடியதில் பிறந்தது. 1999, அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சர். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சேனாபதி என்னிடம் கதையே கேட்கவில்லை. போன வருடம் மாரடைப்பில் போய்விட்ட வாஞ்சிநாதனைப் பற்றி, ஞாயிறு நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு கட்டுரைதான் கேட்டார்.

"அவர் ஒரு மகான், மேடம். அந்த ஆங்கிள்ல எழுதிடுங்க."

கை ஓடவில்லை. சங்க மலரில் ஒருத்தரையும் விடாமல் கிண்டலடித்து எழுதியவர் வாஞ்சிநாதன். என் கவிதையை மளிகை லிஸ்ட் என்றவர். அவரா மகான்? ஆயிரத்தறுநூறு வருடம் பின்னால் ஓடிப்போய் ஒரு பிஷப்பிடம் ஒளிந்துகொண்டேன். பெயர்கூட வைக்கவில்லை, கற்பனை பிஷப்.

2

முதல் தொடக்கம்: "கடலோர நகரம் ஒன்றில் ஒரு புனிதர் வாழ்ந்து..." சே. வாழ்ந்தவரை அவர் புனிதர் இல்லையே.

இரண்டாவது: "பிஷப் செத்து ஒரு வருடம் ஆன அன்று, ஊர் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடியது."* இது பரவாயில்லை.

(*புளுகவில்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் புனிதர்கள் இறந்த நாளைத்தான் பிறந்தநாள் என்றார்கள். கல்லறையில் எரிந்த விளக்கின் எண்ணெயை நோயாளிகளுக்குப் பூசினார்கள். சிரிக்காதீர்கள். எங்கள் சங்க நூலகத்தில் வாஞ்சிநாதனின் பேனா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளை அழைத்து வந்து, பெட்டியைத் தொட்டுக் கும்பிட வைக்கிறார்கள்.)

என் பிஷப்பும் நிறைய எழுதியவர், மகா கோபக்காரர். செத்ததும் ஊர் அவருடைய கோபத்தை மறந்தது, எழுத்தையும் மறந்தது. கல்லறையில் மட்டும் கூட்டம். (கட்டுரை வாடை அடிக்கிறது. அடிக்கட்டும்.) அன்று கல்லறைக்கு ஒரு

ஒரு யார்? நோயாளியா, திருடனா? இங்கே நின்றுபோனது.

3

நின்றுபோனதை எடுத்துக்கொண்டு காமாக்ஷி மாமி வீட்டுக்குப் போனேன். வாஞ்சிநாதனின் மனைவி. அடுப்பில் ரசம் கொதிக்க, நின்றபடியே படித்தார்.

"பிஷப்புக்கு ஆம்படையா உண்டோ?"

"அந்தக் காலத்துல சில பேருக்கு இருந்தா, மாமி."

"அப்போ அவ எங்கடி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரையே எழுதியிருந்தேன், அவளைக் காணோம்.

மாமி அடுப்பை அணைத்தார். "வரவா எல்லாம் தெய்வம் மாதிரி மனுஷன்ங்கறா. நானும் தலையாட்டிண்டே இருக்கேன். ரசத்துல உப்பு கம்மின்னா அவர் கத்தறது ரூட் ஒன் ஹைவே வரைக்கும் கேக்கும். நானும் விடமாட்டேன், சரிக்குச் சரி. இப்போ அந்தக் குரலே ஞாபகம் வரமாட்டேங்கறது, ஷ்யாமளா. ஃபோட்டோல சிரிச்சிண்டிருக்காரே, அவர்தான் வரார். அந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாது. ஞாயித்துக்கிழமை நீயும் மகான்னு படிச்சேன்னா, எனக்கு மிச்சம் இருக்கறதும் போயிடும்."

அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பேனாகூட அவரோடது இல்ல. அவர் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லதான் டைப் பண்ணுவார். அது மளிகை லிஸ்ட் எழுத நான் வெச்சிருந்தது. சேனாபதி வந்து கேட்டப்போ கைக்குக் கெடச்சதைக் குடுத்துட்டேன்."

4

ஆக, விட்ட வாக்கியம்: அன்று கல்லறைக்கு ஒரு பெண் வந்தாள். பிஷப்பின் மனைவி. எல்லாரையும் போல வரிசையில் நின்றாள்.

முடிவு ஒன்று: விளக்கு எண்ணெயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேசாமல் போகிறாள். சேனாபதிக்குப் பிடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிவு இரண்டு: "இவர் என்னைத் திட்டுவார்!" என்று கத்துகிறாள். ஊர் ஸ்தம்பித்து... போதும், சினிமா.

முடிவு மூன்று:

5

ஞாயிறும் வந்துவிட்டது, முடிவு வரவில்லை. சங்க நூலகத்தில் "வரிசையில் நின்றாள்" வரை வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

"மகான் எங்க, மேடம்?" சேனாபதி என் காதருகே பல்லைக் கடித்தார்.

முன்வரிசையிலிருந்து காமாக்ஷி மாமி எழுந்து வந்தார். நேரே போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

"மாமி, அதை எடுக்கக் கூடாது!" சேனாபதி பதறினார்.

"என்னோடதுதான்" என்று பேனாவை எடுத்துக்கொண்டார். என் கையிலிருந்த இந்தத் தாளைப் பிடுங்கி மேஜைமேல் வைத்து, 'முடிவு மூன்று' என்ற இடத்தில் கிறுக்கிப் பார்த்தார். மை வரவில்லை. உதறினார். மறுபடி கிறுக்கினார். நீலமாய் ஒரு கோடு விழுந்தது.

முடிவு என்னிடம் இல்லை, வாசகரே. உங்களிடம் கொடுப்பதாகவும் இல்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மாமிக்கு வெளிச்சம் மறைக்கிறது.