எஃபுவாவின் அப்பாவுக்கு ஒரு படையல்

மத்தியானச் சாப்பாடு கேட்டார்கள். நான் செத்தவருக்கும் சேர்த்துப் படைத்துவிட்டேன். பிழை என்றால் பிழைதான். ஆனால் அதற்காக எஃபுவா அப்படிக் கத்தியிருக்கத் தேவையில்லை.

ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு மண்டபத்தில் படப்பிடிப்பு. இயக்குநர் எஃபுவா, கானாக்காரி. கமராக்காரன் ஜெஸ்ரின் எங்கள் ஆள். அவன் மூலம்தான் எனக்குச் சமையல் ஓடர் வந்தது. "ஒரு அப்பா செத்து எட்டாம் நாள் சடங்கு. அதுதான், அன்ரி, குறும்படம்" என்றிருந்தான்.

வெளியே நல்ல வெயில். உள்ளே யன்னலெல்லாம் வெள்ளைத் துணி கட்டி, புகை விட்டிருந்தார்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்த பெண்கள் அந்தப் புகைக்குள் மிதந்து திரிந்தார்கள், கால்களே தெரியவில்லை. நடுவில் ஒரு கதிரையில் யாரோ ஒரு மனிதரின் படம், முன்னால் வெறும் மேசை. நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். ஐயோ, இந்த மனிசன் பசியோடல்லோ போகப்போகிறார்! ஒருவரையும் கேட்காமல் வாழையிலை விரித்து, சோறும் கறியும் படைத்தேன்.

"யார் இதை வைத்தது?" என்று எஃபுவா ஆங்கிலத்தில் சீறினாள். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று என்னைத்தான் சொல்வார்கள். இவள் என்னையும் தாண்டிவிட்டாள்.

நானும் விடவில்லை. "சரி, அந்த மனிசனுக்கு என்ன விருப்பம்? சொல்லு, அதையே வைக்கிறேன்" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எனக்கே தெரியாது" என்றாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

ஜெஸ்ரின் என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தான். "அன்ரி, அந்தக் கதிரையில வைச்சிருக்கிற படம் அவவின்ர சொந்த அப்பா. அவரை அடக்கம் செய்யேக்க இவ வேற நாட்டில மேடையில நிண்டு விருது வாங்கினவ. இவ்வளவு படம் எடுத்தவவுக்கு இந்தக் கடைசிக் காட்சி மட்டும் சரிவருகுதில்லை. இண்டைக்கும் எடுக்க ஏலாட்டி படம் இல்லை."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எஃபுவா கானாவில், கேப் கோஸ்டிலிருக்கும் தாய்க்குப் போன் எடுத்தாள். கேட்டாள், சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அடிப்பிடித்த சோறு. பானையைச் சுரண்டி அவர் அதைத்தான் சாப்பிடுவாராம். மேல் சோறு எனக்கு."

அடிப்பிடித்த சோறா! இத்தனை கலியாணவீட்டுக்குச் சமைத்த என் கையாலா? சோற்றுப் பானையை ஏற்றி, அடுப்பை முழுதாகத் திருகிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். கருகல் மணம் மண்டபத்துப் புகையோடு கலந்தது. சுரண்டிக் கொண்டுபோய் இலையில் வைத்தேன்.

கமரா ஓடத் தொடங்கியது. மகளாக நடிக்கிற பிள்ளை எழும்புமுன், எஃபுவா புகைக்குள் நடந்துபோய் மேசைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். கறுத்த சோற்றைக் கையால் பிய்த்து வாயில் போட்டாள். அந்தக் கறுமுறுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கண்ணீர் வழிய வழிய மென்றாள்.

"அன்ரி, நிப்பாட்டட்டோ?" என்று ஜெஸ்ரின் கிசுகிசுத்தான்.

நான் என்னத்தைச் சொல்ல? நிறுத்தச் சொல்ல வேண்டியவள் அப்பாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.