மூன்றாவது பல்பு

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் எத்தனை இம்சை என்பது இசக்கிச்செல்விக்குத்தான் தெரியும். தாலி கட்டுகிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். மாப்பிள்ளை தூக்கின கை தூக்கினபடி, பொண்ணு குனிந்த தலை குனிந்தபடி. இவள் எழுந்துபோய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் ஒரு முடிச்சு விழுந்திருக்காது.

இந்த லட்சணத்தில்தான் திருநெல்வேலியில் பெரிய ஸ்டுடியோ வைத்திருக்கும் விஸ்வநாதன் அன்று விடிந்ததும் ஒரு கல்யாணத்தை அனுப்பியிருந்தார். “நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிச்சு அனுப்புங்கம்மா. சரியா வந்துச்சுன்னா வைகாசி முகூர்த்தம் பூரா உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். சங்கரன்கோவிலில் வீட்டோடு இருந்து வேலை பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தரம் வருமா? சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பெட்டியைப் புருஷன் சங்கரபாண்டியின் பைக்கில் ஏற்றி, காலையிலேயே ரத வீதியில் இருக்கும் முகம்மது அப்சலின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துவிட்டாள். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்பது அவள் எண்ணம்.

அப்சல் மேசையில் இரண்டை எடுத்து வைத்தார்.

“தங்கச்சி, இது எட்டு கோர். எட்டு ஆள் சேந்து வேலை பாக்க மாதிரி. ஆனா கரண்டு தின்னும். மேல நூத்தியஞ்சு வாட்ஸ்னு போட்டிருக்கான், வேலை மும்முரத்துல நூத்திநாப்பது இழுக்கும். இது ஆறு கோர், மிஞ்சிப்போனா தொண்ணூறு. இதுக்கெல்லாம் கரண்டு குடுக்க பெட்டி, அந்த பவர் சப்ளை, எவ்வளவு தாங்கும்?”

“ஐநூறு வாட்ஸ்!” சங்கரபாண்டி முந்திக்கொண்டான். “நானே தூக்கிப் பாத்து எடுத்தது பாய்.”

அவன் ஆட்டு வியாபாரி. குருவிகுளம் பக்கத்து ஊர்களில் ஆடு பிடித்து விற்கிறவன். தராசு அவனுக்கு வேண்டாம். ஆட்டின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து ஒரு தூக்கு தூக்கி, “பதினொண்ணரைக் கிலோ கறி” என்பான். கால் கிலோ தப்பாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டரை வெளியூர்க் கடையில் வாங்கியபோதும் மூன்று பவர் சப்ளைகளைத் தூக்கிப் பார்த்து, கனமானதைப் பொறுக்கினான். கனமிருந்தால் நல்ல சாமான். அவளும் அதை நம்பினாள்.

அப்சல் விரல் விட்டுக் கூட்டினார். ப்ராசசர் நூற்றிநாற்பது, கிராபிக்ஸ் கார்டு எழுபத்தைந்து, மற்றதெல்லாம் சேர்ந்து நாற்பது. ஐநூறில் பாதி தாண்டியதுமே நின்றுவிட்டது கணக்கு.

“அப்ப எட்டு கோரே போடுங்கண்ணே” என்றாள் இசக்கிச்செல்வி.

“தூசியத் தட்டிட்டுப் போடுதேன்” என்று பவர் சப்ளையைக் கழற்றி, காற்றடிக்கத் திருப்பினார் அப்சல். உள்ளே எதுவோ ‘தொம்’ என்று உருண்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்சல் நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் தூக்கினார்.

“யா அல்லா!”

உள்ளே, சோப்புக்கட்டி பருமனில் ஒரு சிமெண்டுக் கட்டி. ஓரத்தில் ஒட்டியிருந்த பசை காய்ந்து விட்டுப்போயிருக்கிறது. மிச்சம் என்று பார்த்தால் நாலைந்து சின்னச் சாமான், கொஞ்சம் ஒயர்.

இசக்கிச்செல்வி குனிந்து உள்ளே பார்த்தாள். ஐந்து வருஷம்! அது ஓட ஓட, பக்கத்திலேயே பாயை விரித்துப் பிள்ளையைப் போட்டுத் தூங்கியிருக்கிறாள்.

சங்கரபாண்டி அந்தக் கட்டியைக் கையில் எடுத்தான். தன்னையறியாமல் தூக்கிப் பார்த்தான்.

“எத்தனை கிலோ கறி விழும்?” என்றாள் அவள்.

அவனுக்குச் சுருக்கென்றது. “சிமெண்டு கெடந்தா என்னட்டி? அஞ்சு வருசம் ஓடுச்சா இல்லையா? இன்னும் ரெண்டு நாளு ஓடாதா? வே பாய், எட்டு கோரையே மாட்டும்.”

கொண்டுவந்த காசுக்கு ஒன்று எட்டு கோர் கிடைக்கும், இல்லையென்றால் ஆறு கோரும் நல்ல பவர் சப்ளையும். அவளுக்கும் சபலம்தான். எட்டு கோர் என்றால், வெட்டி ஒட்டினதை நாலு மணி நேரத்தில் ஒரே படமாகத் திரட்டிவிடும். ஆறு கோருக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும்.

“பழைய ப்ராசசர் கொஞ்சமா இழுத்துச்சு, தப்பிச்சீக” என்ற அப்சல், மரப்பலகை ஒன்றை இழுத்தார். அதில் வரிசையாகக் கார் ஹெட்லைட் பல்புகள். பழைய பவர் சப்ளையின் ஒயரை அதில் மாட்டினார். “ஒண்ணு அம்பத்தஞ்சு வாட்ஸ். ஐநூறுன்னா ஒம்பது எரியணும். பாருங்க அண்ணாச்சி.”

முதல் பல்பு பளிச்சென்று எரிந்தது.

“எரியுதுல்லா!” என்றான் சங்கரபாண்டி.

இரண்டாவதைப் போட்டதும் இரண்டும் லேசாக மங்கின. மூன்றாவது எரிந்தவுடன் மூன்றும் மஞ்சளடித்து, காற்றாடி முனகி, டமார்! நீலமாக ஒரு வெளிச்சம். கடையில் கரண்டு போய்விட்டது. புகை வாடை மூக்கில் ஏற, சங்கரபாண்டி வாசற்படிக்குத் தாவியிருந்தான். ஐநூறு வாட்ஸ் என்ற லேபிள் மட்டும் அழுக்குப்படாமல் மினுங்கியது.

“நூத்திஅறுபத்தஞ்சுக்கே செத்துப்போச்சு” என்றார் அப்சல்.

விஸ்வநாதன் அனுப்பிய கல்யாணம் முழுக்க இருந்த ஹார்ட் டிஸ்கும் இதோடு மாட்டியிருந்தால்? அவள் எட்டு கோரைத் தள்ளி வைத்தாள். “ஆறு கோரே போதும்ணே. பவர் சப்ளை நல்லதாக் குடுங்க. அதையும் பல்பு போட்டுக் காட்டிட்டுக் குடுங்க.”

புதுப் பவர் சப்ளையில் எட்டு பல்பு எரிந்தது. எழுதியிருந்ததும் நானூற்றைம்பதுதான்.

வீட்டுக்கு வந்தவள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். மறுநாள் பதினொரு மணிக்குப் படத்தைத் திரட்டவிட்டால்தான் ஐந்துக்கு முடியும், ஆறுக்குள் அனுப்பவும் முடியும். அதற்குள் படத்தின் மேல் கம்ப்யூட்டர் பூவெல்லாம் தூவி முடியாது. மேடையில், ஊஞ்சலில், சாப்பாட்டுப் பந்தியில்கூடப் பூமாரி பொழிவதுதான் விஸ்வநாதன் ஸ்டுடியோ வழக்கம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பூ விடாமல் நீக்கினாள். படம் மொட்டையாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏழரைக்குப் போன் வந்தது.

“என்னம்மா இது? பூவே இல்ல! கருமாதி வீடு மாதிரி இருக்கு!”

“சார், அது வந்து...”

“இன்னும் மூணு பேருட்ட இதே வேலையக் குடுத்திருந்தேன். ஒருத்தனும் அனுப்பல. ஒருத்தன் சிஸ்டம் தொங்கிட்டுங்கான், ஒருத்தன் போனையே எடுக்க மாட்டேங்கான். பூவை மட்டும் போட்டு நாளைக்குத் திருப்பி அனுப்புங்க. வைகாசிக்குப் பதினாலு இருக்கு, தேதி அனுப்புதேன்.”

போன் அணைந்த பிறகும் காதில் வைத்தபடியே நின்றாள்.

“என்னட்டி, பேயடிச்ச மாதிரி நிக்கே?” என்றான் சங்கரபாண்டி.

“பதினாலு.”

“ஆடா?”

“கல்யாணம்!”

அவனும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.