சாய்வுக் கட்டைகள்

பகலவன் மேலைக்குன்றின் தோளிற் கைவைத்து மெல்ல இறங்கத் தொடங்கிய பொழுது. ஆற்றின் இக்கரையில் ஒன்றையொன்று ஒட்டி நின்ற ஓட்டு வீடுகளின் மேல் பொன்னொளி படர, அக்கரையில் நின்ற வார்ப்பட்டறைகளின் புகைபோக்கிகள் அன்றைய கடைசிப் புகையை வானுக்கு விடுக்க, வேலை முடித்தோர் முகமும் கழுத்தும் கரியேறி, வாய் ஓயாது பேசியபடி பாலத்தின் மேல் நடந்து வந்தனர். அக்கூட்டத்திடையே, ஒரு மரப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேட்டோர்க்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டி விரைந்து வந்த நெட்டையன் ஒருவனை நீங்கள் கண்டிருந்தால், எதையோ களவாடி வருகிறான் என்றே எண்ணியிருப்பீர்கள். பெட்டிக்குள் இருந்தவை, நான்கு வயதுப் பெண்குழந்தை ஒருத்திக்காக அவன் தன் கையால் இழைத்த கட்டைகள். நெஞ்சுக்குள் இருந்தது அச்சம்.

அவன் ஓர் அச்சுத்தச்சன். இதைப் படிக்கும் நல்லோரே, கட்டிலும் கதவும் செய்யும் தச்சனோடு இவனைச் சேர்த்துவிடாதீர்கள். இரும்பில் ஒரு பொருளை வார்க்க வேண்டுமாயின், முதற்கண் அதே வடிவில் மரத்தில் ஒன்று செய்தல் வேண்டும்; அம்மரத்தை ஈர மணலில் இறுகப் புதைத்து, மணல் சிதையாவண்ணம் உருவி எடுத்து, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுதல் வேண்டும். சிதைக்காமல் வெளிவர வேண்டிய மரம் நேராய் நிற்கலாகாது. ஒரு முனை பருத்து, மறுமுனை சற்றே சிறுத்து, பக்கங்கள் சாய்ந்திருக்க வேண்டும். ஆண்டாண்டாய் அதையே செய்து பழகிய கை அது. தூக்கத்தில் எழுப்பி ஒரு பலகையைக் கொடுத்தாலும் சாய்த்தே இழைக்கும். வார்த்த இரும்பு ஊர் ஊராய்ப் போகும். வார்ப்புக்கு உதவிய மரம் பட்டறை மூலைக்குப் போகும். தான் செய்தது எதுவும் எவர் வீட்டிலும் தங்குவதில்லையே என்று அவன் வருந்தியதுமில்லை, ஒரு தையற்காரியின் வீட்டுக்குள் காலடி வைக்கும் வரையில்.

அவள் கணவனை இழந்தவள். தந்தையின் முகம் மகளின் நினைவிற் பதியுமுன்னரே அவன் போய்விட்டான். கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்கப் போன நம் தச்சன், நாளடைவில் கிழியாத சட்டைகளையும் கொண்டுபோகத் தொடங்கியதைக் கண்டு பட்டறையே வயிறு குலுங்கச் சிரித்தது. அச்சிரிப்பு ஒருவாறு திருமணத்தில் முடிந்தது. அவனுடைய அறை கால் நீட்டவும் இடமற்றது. ஆதலின் ஒரு துணிமூட்டையும் உளிப்பையுமாக அவனே அவள் வீட்டிற் குடிபுகுந்தான். தாய் மகிழ்ந்தாள், அக்கம்பக்கத்தார் மகிழ்ந்தனர். மகிழாதவள் ஒருத்தி மட்டுமே. சுண்டெலி என்று தாய் செல்லமாய் அழைக்கும் மகள் அவள்.

அழுதாள், அடம்பிடித்தாள் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்திருந்தால்கூட அவன் மனம் ஆறியிருக்கும். வாங்க என்பாள், உக்காருங்க என்பாள், சிந்தாமல் சிதறாமல் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். வந்தவரை உபசரித்து வழியனுப்பும் பெரிய மனுசியின் பணிவு அது. ஒருநாள் அவன் எதிரிலேயே தாயைக் கேட்டாள்:

“அம்மா, இவரு எப்ப வீட்டுக்குப் போவாரு?”

“இதுதாண்டி அவரு வீடு,” என்றாள் தாய்.

குழந்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள், நம்பவில்லை. அவ்வொரு கேள்வி அவன் நெஞ்சில் மரச்சிம்பு போல் ஏறித் தங்கிவிட்டது. கேள்விக்கு விடை சொல்லும் வாய் அவனுக்கு இல்லை, கை இருந்தது. முதலில் ஒரு குருவியைச் செதுக்கினான். அவள் அதை இரு கைகளாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நேரே வாயிற்படிக்குக் கொண்டுபோய் அவன் செருப்புக்கு அருகில் வைத்து, “போகும்போது மறந்துடாதீங்க,” என்றாள். அடுத்து வண்டி செய்தான். அதுவும் செருப்போரம் போயிற்று. யானையும் அவ்வழியே நடந்தது. நாள்தோறும் காலையில் குருவியையும் வண்டியையும் யானையையும் தாண்டி வேலைக்குப் போகும் மனிதன் உலகில் வேறெவனும் இருந்திருப்பானா? தாய் பொறுக்கமாட்டாமல் மகளை அதட்டப் போனாள். அவன் தடுத்தான்.

“விடு. பிள்ளை மனசு என்ன மரமா, செதுக்கித் திருப்புறதுக்கு?”

இப்படியிருக்கையில், தாய் தைத்துத் தீர்த்த நூலின் வெற்றுக் கட்டைகளைக் கொண்டு குழந்தை வீடு கட்டி விளையாடுவதை ஒருநாள் கண்டான். உருண்டைக் கட்டைகள் உருண்டோட, அவள் பெருமூச்சு விட்டு மீண்டும் மீண்டும் அடுக்கினாள். அவன் முகம் மலர்ந்தது. பட்டறையில் மிஞ்சிய நல்ல வைரம் பாய்ந்த மரத்தை அறுத்து, உணவு இடைவேளைகளில் உண்பதையும் மறந்து, செங்கல் வடிவில் கட்டைகளை இழைத்து, சிம்பு ஒன்றும் கைக்கு ஏறாதபடி தேய்த்து, பெட்டி ஒன்றில் அடுக்கினான். இந்த மாலைப்பொழுதில் பாலத்தின் மேல் நாம் கண்டது அந்தப் பெட்டியைத்தான்.

பெட்டியைத் திறந்த சுண்டெலி இம்முறை வாயிற்படிப் பக்கம் திரும்பவில்லை. அங்கேயே அமர்ந்து கட்டத் தொடங்கினாள். அவனும் தையற்காரியும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றனர். முதல் வரிசை எழுந்தது, இரண்டாவது எழுந்தது, மூன்றாவதில் சுவர் ஒருபுறம் சரிந்து தடதடவென்று வீழ்ந்தது. மறுபடி கட்டினாள், மறுபடி வீழ்ந்தது. “இது நிக்கவே மாட்டேங்குது,” என்று அவனைப் பார்த்துச் சொல்லி, எல்லாவற்றையும் ஒழுங்காய்ப் பெட்டிக்குள் இட்டு, மூடி, பெட்டியைத் தரையோடு தரையாய் இழுத்துக்கொண்டு செருப்பை நோக்கிச் சென்றாள்.

அவன் ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தான். காது மடல்கள் சிவந்தன. ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து, அழகாய், பிழையின்றி, மணலிலிருந்து உருவுவதற்கு ஏற்றபடி அது சாய்ந்திருந்தது. போதாக்குறைக்குப் பட்டறை வழக்கப்படி பருமுனைகளையெல்லாம் ஒருபுறமாகவே அடுக்கியிருந்தான்; அவளும் எடுத்தபடியே வைத்துக் கட்டினாள்; சாயாமல் என்ன செய்யும்? தையற்காரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள், அவன் செய்யும் அச்சுகளை மணலில் புதைத்து வார்க்கும் மணல்காரர் செய்தியைக் கேட்டு, கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஏம்பா, கட்டைய விளையாடக் கொடுத்தியா, புதைக்கக் கொடுத்தியா?” என்றார். பின், அவன் முகம் வாடியதைக் கண்டு இரங்கி, விடுமுறையன்று கொண்டுவந்தால் தாமும் உடனிருந்து எல்லாவற்றையும் நேராக இழைத்துத் தருவதாகச் சொன்னார். அவன் தலையாட்டினான். ஆயினும் அவன் உள்ளம் வேறொன்றை எண்ணி நைந்தது. வடிவைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதற்கென்றே ஆன மரத்தைச் செய்து செய்து, தானும் அப்படியே ஆகிவிட்டோமோ? அந்த வீட்டில் தங்கும் தகுதி தனக்கில்லை என்பதைத்தான் அக்குழந்தை கண்டு சொல்கிறாளோ? சொல்லவும் வெட்கம், மெல்லவும் துயரம். இழைப்புளியை எடுத்து வேலையைப் பார்த்தான்.

விடுமுறை நாளும் வந்தது. காலை வெயில் பலகணி வழியே சாய்ந்து விழ, தையற்பொறி தடதடவென ஓட, அவன் பெட்டியை எடுப்பதற்கு வாயிற்படிக்கு வந்தான். பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. குருவி இல்லை, வண்டி இல்லை, யானை இல்லை. அவனுடைய செருப்பையும் காணவில்லை. தையற்காரியைக் கேட்டதற்கு, அவள் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல், உள்ளே பெரிய வேலை ஏதோ நடக்கிறது, தன்னையே அங்கே அண்டவிடவில்லை என்றாள்.

உள்ளறையின் மூலையில் சுண்டெலி அமர்ந்திருந்தாள். ஒரு சுவரில் தொடங்கிய கட்டைகள், சிறுமுனை உள்ளும் பருமுனை வெளியுமாய், ஒன்றன்பக்கம் ஒன்று தோளோடு தோள் ஒட்டி, இளம்பிறை போல் வளைந்து மறுசுவரை நெருங்கியிருந்தன. ஒரு பாதம் நுழையும் இடைவெளி மட்டும் எஞ்சியிருந்தது; அதற்குரிய கட்டைகள் அவள் மடியில் இருந்தன. வளைவுக்குள்ளே அவளுடைய தலையணையும், தாயின் அளவுநாடாவும், குருவியும், வண்டியும், யானையும் இருந்தன. அவற்றுக்கு நடுவே அவன் செருப்பு இரண்டும் துடைத்து ஒழுங்காய் வைக்கப்பட்டிருந்தன.

அவன் குந்தி அமர்ந்தான். “கட்டைய எல்லாம் குடு கண்ணு. நேராக்கிக் கொண்டாந்து தரேன்.”

“வேணாம்,” என்று மடியை இறுகப் பற்றிக்கொண்டாள். “மேல மேல வெச்சா விழுது. பக்கத்துல பக்கத்துல வெச்சா அதுவா வளையுது. நேராக்கினா வீடு வளையாது.”

அவன் கட்டைகளை நோக்கினான். ஒவ்வொன்றின் சாய்வும் அடுத்ததன் சாய்வோடு சேர்ந்து, அவன் கை அறியாத ஒரு வட்டத்தை வரைந்திருந்தது. “செருப்ப ஏன் உள்ள வெச்சிருக்க?” என்று கேட்டான்.

“வெளிய வெச்சா நீ போட்டுக்கிட்டுப் போயிடுவ.”

அவன் கணுக்கால் உயரமே உள்ள அச்சுவரை எட்டித் தாண்டப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“வாசல் வழியா வா. கதவ மூடணும்.”

அந்த நெட்டையன் இடைவெளியில் ஒரு பாதத்தை வைத்து, பின் மறு பாதத்தை வைத்து, முழங்காலை முகவாய்வரை மடக்கி, குருவிக்கும் யானைக்கும் நடுவில் ஒருவழியாய் ஒடுங்கி அமர்ந்தான். அவள் எஞ்சிய கட்டைகளை ஒவ்வொன்றாய் வைத்து வாசலை அடைத்தாள். அறைவாயிலில் வந்து நின்ற தையற்காரி, தனக்கு இடமில்லையா என்று கேட்க, நீதான் முன்னாடியே உள்ளே இருக்கிறாயே என்று அளவுநாடாவைச் சுட்டினாள் மகள். தாய் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

நல்லோரே, நேராய் நிற்பது நல்லதுதான்; எவரும் அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் சாய்ந்தவை தம்முள் தோள் கொடுத்து வளைந்தாலன்றி, எந்த வீடும் எவரையும் உள்ளே வைத்து மூடிக்கொள்வதில்லை. விட்டுப் பிரிவதற்கென்றே மரத்தைச் சாய்த்துப் பழகிய கை, அன்று தான் சாய்த்த மரத்துக்குள்ளேயே தங்கிற்று. பட்டறையில் மணல்காரர் இழைப்புளியைத் தீட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தார். கால் மரத்துப்போயும் அவன் எழவில்லை. அவன் தோளிற் சாய்ந்து சுண்டெலி உறங்கிவிட்டிருந்தாள்.