வலஞ்சுழிக்கு மைனஸ்

உட்கார்ந்து படி, உட்கார்ந்து படி என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு உட்கார்ந்தால் எதுவும் மண்டையில் ஏறாது. ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை நான் சுற்றிய சுற்றில் தரையே தேய்ந்திருக்கும். கையில் பேனா, வாயில் சூத்திரம், கால் மட்டும் நிற்காது. அந்த வாரம் நின்றால் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்டு, தம்பானூரில் ஒரு கோச்சிங் சென்டரில் ரிப்பீட்டராகச் சேர்ந்திருந்தேன். அங்கே இரண்டு பேட்ச். முதல் பேட்ச்சில் இருப்பவர்களை மனிதர்களாக மதிப்பார்கள். நான் இரண்டாம் பேட்ச். முதல் பேட்ச்சில் ஒருத்தி வேறு படிப்புக்குப் போய்விட, ஓர் இடம் காலியானது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்ச்சுக்கு ஒரு டெஸ்ட், முதலில் வருகிறவருக்கு அந்த இடம் என்று பிசிக்ஸ் எடுக்கும் சுபின் சார் சொல்லிவிட்டார். பாடம், சுழல் இயக்கம். முறுக்குவிசை, சக்கரம், கப்பி, உருளை என்று என் உயிரை வாங்குகிற சமாசாரமெல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அப்பா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"இந்த சீட் கிடைக்கலேன்னா கோச்சிங் போதும். பேசாம பி.காம்ல சேர்ந்துடு, கேட்டியா?"

அவர் சொன்னதை மாற்றியதாகச் சரித்திரம் இல்லை.

பேட்ச்சில் எனக்கு ஒரே தோழி அஞ்சு. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்து. வாய் ரொம்ப நீளம். மற்றவர்கள் எல்லாம் முன்பே கைகழுவிவிட்டதால், அந்த இடத்துக்குப் போட்டி எங்கள் இரண்டு பேருக்கும்தான். அது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஒரே பழம்பொரியை, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜியை, பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். எனக்குப் பாதி தப்பு. அஞ்சு என் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"எடி பிரியா, உனக்கு கணக்கு தெரியாம தப்பு வரல்ல. நம்பரெல்லாம் சரியாக்கும். பிளஸ் வரவேண்டிய எடத்துல மைனஸ், மைனஸ் வரவேண்டிய எடத்துல பிளஸ். இந்தச் சக்கரத்தப் பாரு. பிரேக் போட்டு நிக்கவேண்டிய சக்கரம், உன் கணக்குல இன்னும் ஸ்பீடா ஓடுது!"

உண்மைதான். இடப்பக்கமாக, அதாவது இடஞ்சுழியாகச் சுற்றினால் பிளஸ், கடிகார முள்ளைப் போல வலஞ்சுழியாகச் சுற்றினால் மைனஸ் என்பது புத்தகத்து வழக்கம். சக்கரத்தின் வேகத்தைக் கேள்வியில் இடஞ்சுழியாக, பிளஸ்ஸாகத்தான் கொடுத்திருந்தார்கள். பிரேக்கின் முறுக்குவிசைக்கு மட்டும் நான் என் இஷ்டப்படி வலஞ்சுழியைப் பிளஸாக எடுத்திருந்தேன். தாள் முழுக்க இதே கூத்து.

"எனக்குக் காரியம் பிடிகிட்டிப்போச்சு" என்று அஞ்சு சிரித்தாள். "நீ எல்லாத்தையும் கோயில் சுத்துத மாதிரி சுத்துதே. வலப்பக்கம் போனா நல்லது, எடப்பக்கம் போனா கெட்டது. அதாக்கும் உன் பிளஸ்ஸும் மைனஸும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்காத்து வழக்கத்தக் கேலி பண்ற வேலை வச்சுக்காதே" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் யோசிக்க யோசிக்க, அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சன்னதியை வலம் வருகிறவள் நான். நவக்கிரகம், அரசமரம், கற்பூரத் தட்டு, எல்லாம் ஒரே திசை. அவசரத்தில் மூளையும் அந்தப் பக்கமே போயிருக்கிறது.

சனிக்கிழமை காலை, வலது கை விரல்களை மடக்கி, கட்டைவிரலை மேலே நீட்டிக்கொண்டு, மேஜையை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, இடஞ்சுழியாகச் சுற்ற ஆரம்பித்தேன். விரல் மடங்குகிற திசை பிளஸ், விரல் மடங்குகிற திசை பிளஸ் என்று முணுமுணுத்தேன். கால் முரண்டு பிடித்தது. நாற்காலியில் முட்டிக்கொண்டேன். சத்தம் கேட்டு அம்மா கரண்டியும் கையுமாக வந்தாள்.

"கர்மமே! நாளைக்குப் பரீட்சைய வச்சிண்டு அப்ரதட்சிணமா சுத்தறியேடி! சாவு காரியத்துலன்னா அப்படிச் சுத்துவா!"

"அம்மா, பிசிக்ஸ்ல இதாக்கும் பிளஸ்."

"எந்த பிசிக்ஸா இருந்தா எனக்கென்ன? சுத்தினதுக்குப் பதிலா இந்தப் பக்கமும் அதே அளவு சுத்திடு."

"அப்போ கூட்டிக் கழிச்சா பூஜ்யம்தாம்மா வரும்!"

அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தானே வலஞ்சுழியாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மேஜையைச் சுற்றி நான் ஒரு பக்கம், அவள் எதிர்ப்பக்கம். எதிர்ப்படும்போதெல்லாம் முறைத்துக்கொண்டோம். அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முகத்துக்கு நேரே ஏற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் முதலில் இடஞ்சுழியாக ஓர் அம்புக்குறி போட்டேன், அதற்குப் பிறகுதான் கணக்கைத் தொட்டேன். பிரேக் போட்ட சக்கரம் மறுபடியும் வந்திருந்தது. இந்த முறை ஒழுங்காக நின்றது.

திங்கட்கிழமை சுபின் சார் என் பெயரை முதலில் வாசித்தார். அடுத்த பெயர் அஞ்சு. எனக்கு ஒரே ஒரு கணக்கு கூடுதல். சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். பிறகுதான் அஞ்சுவைப் பார்த்தேன். அவள் பையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு விட்டதும் அவள் ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தாள். பின்னாலேயே ஓடி, பிளாட்பாரத்தில்தான் பிடித்தேன்.

"அஞ்சு, நீ அன்னிக்குச் சொல்லித் தரலேன்னா இந்த சீட் உனக்குத்தானே?"

"ஆமா."

"பின்னே ஏன் சொன்னே?"

"சொன்னா நீ மூஞ்சத் தூக்கிட்டுப் போவேன்னு நெனச்சேன். போகவும் செஞ்சே. அதுக்கப்புறமும் அந்தத் தப்பத் திருத்துவேன்னு நெனக்கல்ல." ரயில் வந்து நின்றது. ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவள். பரவாயில்லடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தப்பைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருப்பேன் என்று தோன்றியது. வீட்டில் அம்மா பால் பாயசம் வைத்திருந்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் முதல் பேட்ச்சில் என் முதல் வகுப்பு. போர்டில் சார் போட்ட கணக்குகளையெல்லாம் போனில் படம் பிடித்து, கேட்காமலேயே அஞ்சுவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்தார்கள். நான் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் வந்தது. "மூணாவது கணக்கு மங்கலா இருக்கு. ஒழுங்கா எடுத்து அனுப்பு. தெனமும் அனுப்பணும். அடுத்த டெஸ்டுல இந்த சீட்டு எனக்காக்கும்."

திரும்பி வகுப்புக்குள் பார்த்தேன். யாரோ டஸ்டரை எடுத்துக்கொண்டு போர்டை அழிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். "மாய்க்கல்லே! அழிக்காதீங்கோ!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.