வரிசையில் நின்ற குண்டுகள்

மொகதிஷுவில் உள்நாட்டுச் சண்டை மூண்ட ஜனவரியில், பனி நாட்டின் தூதரகத்தை நோக்கிச் சுடப்பட்ட முதல் குண்டு, வாயில் கம்பிகளுக்கு நடுவே, தஹபோவின் இடது காதுக்கு நான்கு விரற்கடை முன்னால், விசா இல்லாத காரணத்தால் நின்றுவிட்டது. அப்போது காலை பத்தேகால் மணி. தஹபோ வாயிலருகே பாயை உதறிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஜிம்ஆலே பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வாயிலைக் காத்து, விசா கேட்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து வந்தவர். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் ஒன்றாம் எண் டோக்கனை அதன் பின்பக்கம் நூலால் கட்டிவிட்டார்.

தூதர் மூன்று நாள் முன்பே ஹெலிகாப்டரில் ஏறிப் போயிருந்தார். படிவம் நிரம்பாதவனை உள்ளே விடாதே, நிரம்பியவனைத் தடுக்காதே என்பதுதான் சாவிக்கொத்தோடு அவர் கொடுத்த கட்டளை. ஜிம்ஆலேவே ஏழு முறை விசா கேட்டு, ஏழு முறையும் ‘வருகையின் நோக்கம் திருப்திகரமாக இல்லை’ என்று திருப்பப்பட்டவர். ஆனாலும் படிவங்களின் மேல் அவருக்கு இருந்த பக்தி தூதருக்கே கிடையாது. சண்டைக்காரர்கள் ஜிம்ஆலேவின் குலத்தை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் வீடு வீடாகத் தேடியது தஹபோவின் குலத்தாரை. அதனால் மனைவியைத் தூதரகத்தின் சமையற்கட்டில் குடிவைத்தார். அதற்கும் முறைப்படி மூன்று பிரதிகள் எழுதினார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் ‘உயிரோடு இருப்பது’ என்று போட்டார். திருப்பி அனுப்ப அதிகாரி யாரும் இல்லாததால் அந்த விசா கிடைத்துவிட்டது.

ஒரு வாரத்தில் குண்டுகளின் வரிசை மூலை டீக்கடைவரை நீண்டது. வாடிக்கையாளர்கள் குனிந்து குனிந்து வர வேண்டியிருக்கிறது என்று கடைக்காரர் சத்தம் போட்டார். வெள்ளிக்கிழமை அலுவலகம் விடுமுறை என்பதால் அன்று வந்த குண்டுகள் டோக்கன் இல்லாமல் சனிக்கிழமைவரை நின்றன. சுவரேறிக் குதித்த சண்டைக்காரன் ஒருவனும் சுவருக்கு மேலே அந்தரத்தில் நின்றுபோனான். அவன் எண் இருபத்தெட்டு. தஹபோ துடைப்பக் கட்டையின் நுனியில் வாழைப்பழம் செருகி இரண்டு நாள் அவனுக்கு ஊட்டினாள். “இப்படி வேல வெட்டி இல்லாம தொங்குறியே, உங்கம்மாவுக்குத் தெரியுமா?” என்று வேளாவேளைக்குக் கேட்டாள். மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போகிறேன் என்றான். சொன்ன மாத்திரத்தில் வெளிப்பக்கமாக விழுந்து, நொண்டிக்கொண்டே போனான்.

பத்தாம் நாள் படைத்தலைவன் வர்ஸமே நேரில் வந்தான். முன்பல்லுக்குத் தங்கம் கட்டியிருந்ததால் ஊரே அவனைத் தங்கப்பல் என்றுதான் கூப்பிட்டது. பின்னால் அறுபது ஆட்கள்.

“பெரியப்பா, என் குண்டெல்லாம் ரோட்டுல நிக்குது. வெளிய தல காட்ட முடியல. கதவத் திற.”

“படிவம் எழுதுப்பா. உன் பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு. எதுக்கு வர்றேன்னு எழுது. கூட வர்றவங்க எத்தன பேருன்னு கடைசில போடு.”

வர்ஸமே எழுதினான். நோக்கம்: தஹபோ. கூட வருவோர்: முந்நூற்றுப் பன்னிரண்டு குண்டுகள். ஜிம்ஆலே அதை மூன்று முறை படித்தார். ஒரு கோடும் காலியாக இல்லை. நோக்கத்தைக் குறை சொல்லும் அதிகாரம் தூதருக்குத்தான் உண்டு. காவலாளியின் வேலை கோடுகளைப் பார்ப்பது மட்டும். வாயிலில் ஒன்றாம் குண்டு மெல்ல முனகத் தொடங்கியது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் நேர்மையை ஜிம்ஆலே மனதார வெறுத்தார். அந்தத் தாளைக் கசக்கி வாயில் போட்டு விழுங்கிவிடலாம் என்று மடக்கும்போது, வர்ஸமே அதை வெடுக்கென்று பிடுங்கினான்.

“என்ன பெரியப்பா, அப்பன் பேருக்கு ரெண்டே கோடு? நான் என்ன அநாதையா? பசங்க பாத்துட்டிருக்காங்க. இன்னொரு தாள் கொடு!”

அந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூட இருபது தலைமுறை அப்பன் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ஜிம்ஆலே ஒன்றுக்கு நான்காகத் தாள் கொடுத்தார். வர்ஸமே ஆட்களுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லி எழுதினான். பதின்மூன்றாவது ரோப்ளே என்றான். பதினான்காவது என்றான். அதற்குமேல் ஓடவில்லை. பேனாவை உதறிப் பார்த்தான். ஆட்கள் அறுபது பேரும் வானத்தைப் பார்த்தார்கள். இந்தப் பெயர்களுக்காகத்தான் அவர்கள் பத்து நாளாக ஊரைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

சமையற்கட்டிலிருந்து மாவுக் கையோடு தஹபோ வெளியே வந்தாள்.

“கூலேத்! பதினாலாவது கூலேத்டா, தங்கப்பல்லு!”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவன் அம்மா எங்க வீட்டுப் பொண்ணு. நாப்பது ஒட்டகம் கொடுத்துக் கட்டிட்டுப் போனீங்க. அதுல ரெண்டு நொண்டி. நாங்க இன்னும் மறக்கல. முறைக்கு நான் உனக்குச் சின்னம்மா. சின்னம்மா வீட்டுக்கு வர்றவன் சக்கர வாங்கிட்டு வருவானா, முந்நூறு குண்டு எடுத்துட்டு வருவானா?”

வர்ஸமே வாயிலிலேயே செருப்பைக் கழற்றி விட்டான். பிறகு கூலேத் என்று எழுதி, மிச்ச ஆறு பெயரையும் முடித்தான். கூட வருவோரை அடித்தான். நோக்கத்தையும் அடித்துவிட்டு, ‘சின்னம்மாவைப் பார்க்க’ என்று மாற்றினான். ஜிம்ஆலே கதவைத் திறந்தார். வர்ஸமே உள்ளே போய் ஏலக்காய் டீ இரண்டு தம்ளர் குடித்தான். நொண்டி ஒட்டகங்களுக்காக வருத்தமும் தெரிவித்தான்.

ஊரில் சண்டை அதன் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. பனி நாட்டுக்காரர்கள் திரும்பி வரவில்லை. கூட்டி வந்தவன் கைவிட்டதால் குண்டுகள் இருந்த இடத்திலேயே நின்றன. முதல் ஒன்பது குண்டுகளின் மேல் தஹபோ துணி காயப்போட்டாள். வர்ஸமே பெருநாள் தவறாமல் ஒரு மூட்டை சர்க்கரை கொண்டுவந்து இறக்கினான். இருபத்தாறாம் ஆண்டு, பேரன் பேத்தி சூழ, சொந்தக் கட்டிலில், காலை பத்தேகால் மணிக்குத் தஹபோ சர்க்கரை நோயால் இறந்தாள். அதே நிமிடம் வாயிலில் ஒன்றாம் குண்டு ‘டக்’கென்று தரையில் விழுந்தது.

ஜிம்ஆலே ஊர் பார்க்க வாய்விட்டு அழுதார். அடக்கம் முடிந்து வந்ததும் குண்டைப் பொறுக்கி, டோக்கனை அவிழ்த்து, பதிவேட்டைத் திறந்தார். ‘விண்ணப்பதாரர் இருபத்தாறு ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார். வருகையின் நோக்கம் இப்போது இங்கே இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து, “அடுத்தது” என்றார்.

இரண்டாம் குண்டு ஓரடி முன்னால் வந்து நின்றது.